அதே அட்டை, அதே ஆண்டு, வேறு ஒலி

ராக் இசைப் பதிவுகளின் உரிமையைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பதினைந்து வயதிலிருந்து நான் கேட்டுவரும் ஓர் ஆல்பத்தைச் சென்ற வாரம் என் மகளுக்குப் போட்டுக் காட்டினேன். அதன் நான்காவது பாட்டின் நடுவில் எல்லாக் கருவிகளும் அடங்கி, பேஸ் கிட்டார் மட்டும் தனியாக நடந்து போகும் இடம் ஒன்று உண்டு. அங்கே டிரம்ஸ் கலைஞரின் இருக்கை மெல்லக் கிரீச்சிடும். “இப்போது வரும் பார்” என்று விரலை உயர்த்திக் காத்திருந்தேன். வரவில்லை. இருக்கையின் ஓசையைச் சுத்தமாகத் துடைத்து எடுத்திருந்தீர்கள். தணிந்து ஒலிக்க வேண்டிய பேஸ் கிட்டாரோ மேடைப் பேச்சாளரைப் போல முழங்கியது. திரையில் அதே அட்டைப்படம், அதே பாடல் வரிசை, அதே வெளியீட்டு ஆண்டு. தனித்தனியாகப் பதிவான ஒலிகளை மறுபடி கலந்தது என்று பொருள்படும் ரீமிக்ஸ் என்ற சொல் எங்கும் இல்லை. உயர்த்திய விரலை நான் இறக்கிக்கொண்டதைப் பார்க்காதவள் போல மகள் இருந்துவிட்டாள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். புதிய பதிப்பைத் தாராளமாக வெளியிடுங்கள். முதலில் வெளிவந்த மிக்ஸையும் அதன் பக்கத்திலேயே, உரிய ஆண்டைக் குறிப்பிட்டு, கேட்கக் கிடைக்கும்படி வையுங்கள்.

முன்கதையை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ராக் பாடகர் ஆசி ஆஸ்பர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்கள் 2002-ல் மறுவெளியீடு கண்டபோது, பாப் டெய்ஸ்லியின் பேஸும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸும் நீக்கப்பட்டு, ராபர்ட் ட்ருஹியோவும் மைக் போர்டினும் புதிதாக வாசித்தவை அங்கே வைக்கப்பட்டன. புதிதாக வாசித்த இருவரும் தேர்ந்த கலைஞர்கள், அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அந்த ஆல்பங்களின் கிட்டார் கலைஞர் ராண்டி ரோட்ஸ் 1982-லேயே இறந்துவிட்டார். அவரோடு வாசித்தவர்களின் தாளத்தை இருபது ஆண்டு கழித்து உருவி எடுத்துவிட்டு, அவர் அறியாத ஒரு தாளத்தின் மேல் அவருடைய கிட்டாரை ஒட்டவைத்தால், அதை யாருடைய இசை என்று சொல்வது? பழைய வாசிப்பு 2011-ல்தான் திரும்பி வந்தது.

கலைஞரே விரும்பி மாற்றினாலும் என் கோரிக்கை மாறாது. தி ஸ்டூஜஸ் குழுவின் மூன்றாவது ஆல்பம் 1973-ல் டேவிட் போவியின் மிக்ஸில் வந்தது. 1997-ல் அக்குழுவின் பாடகர் இக்கி பாப் அதைத் தாமே ரீமிக்ஸ் செய்தார். 2010-ல் போவியின் மிக்ஸ் மறுபடியும் வெளிவந்தது. முதலாவது சோகை பிடித்தது என்பார் ஒருவர், இரண்டாவது காதைக் கிழிக்கிறது என்பார் மற்றவர். (நான் போவியின் கட்சி.) இந்தச் சண்டை இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம், இரண்டையும் கேட்க முடிகிறது என்பதே. மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் காதில் விழுவதேயில்லை என்று முப்பது ஆண்டுகள் புலம்பினோம். 2018 மறுவெளியீட்டிலும் அதை உயர்த்தாமல் விட்டார்கள். எனக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் செய்தது சரி.

பழைய குறுந்தகடு இருந்தால் அதைக் கேட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். என்னிடம் இருக்கிறது; என் மகளின் வயதில் இன்று அந்தக் குழுவைக் கண்டடையும் ஒருவரிடம் இருக்காது. நாளை அவரும் நானும் அந்த டிரம்ஸைப் பற்றி வாதிட்டால், இருவரும் வெவ்வேறு பதிவைக் கேட்டுவிட்டு ஒரே பெயரைச் சொல்லிச் சண்டையிட்டுக்கொண்டிருப்போம்.

இதற்கெல்லாம் உங்களுக்கு நேரமில்லை என்பதும் தெரியும். இருபத்தைந்தாம் ஆண்டுப் பெட்டி, நாற்பதாம் ஆண்டுப் பெட்டி, ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி என்று ஒரே ஆல்பத்துக்கு ஓயாமல் பிறந்தநாள் கொண்டாட வேண்டியிருக்கிறது. சுவரொட்டி, பொத்தான், நுழைவுச்சீட்டின் நகல் ஆகியவற்றையெல்லாம் அடுக்கியபின் அசல் மிக்ஸுக்குப் பெட்டியில் இடமில்லாமல் போவது இயற்கைதானே. தாத்தாவின் புகைப்படத்தில் சுருக்கங்களை நீக்கி, பல்லை வெளுப்பாக்கி, இவர்தான் உன் தாத்தா என்று நம்மிடமே விற்கும் கலையில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

பொறுத்தருள வேண்டும், சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன். ரீமாஸ்டர் (கலவையைத் தொடாமல் ஒலியை மட்டும் மெருகேற்றுவது) என்றால் ரீமாஸ்டர் என்றும், ரீமிக்ஸ் என்றால் ரீமிக்ஸ் என்றும், எந்த ஆண்டில் செய்யப்பட்டது என்றும் பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்ப்பது உங்களுக்குப் பெரிய செலவாக இருக்காது. முதல் மிக்ஸை நீக்காமல் அதன் அருகிலேயே வைப்பதும் அப்படித்தான். இவ்விரண்டையும் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அந்த நான்காவது பாட்டை என் மகளுக்கு இன்னொரு முறை போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு ராக் ரசிகன்