கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ள ஓர் இடம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இங்கே அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மதினிதான் மூட்டுவலியோடு மாடிப்படி ஏறி இறங்குகிறார், சொன்னால் கேட்பதில்லை.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோருக்குத் திடீரென்று முடியாமல் போனால் நம் ஊரில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். எங்கள் பின்தெருவில் நடந்ததைச் சொல்கிறேன், உனக்கே புரியும்.

அந்த அம்மாவுக்குக் கணவர் இல்லை. மகனுக்கு 24 வயது. மூளை முடக்குவாதம், கூடவே வலிப்பு. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, ராத்திரி புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர் ஒருவர்தான். கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. ரத்தம் குறைந்து முகமெல்லாம் வெளுத்துப்போய் நடமாடிக்கொண்டிருந்தார். கேட்டால், "நான் படுத்துட்டா இவனை யாருக்கா தூக்குவா?" என்பார். தங்கை வீட்டில் ஒரு நாள், இரண்டு நாள் வைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த ஆபரேஷனுக்குப் பிறகு பல வாரம் கனம் தூக்கக் கூடாதே. அவனோ வளர்ந்த பிள்ளை.

அவருக்காக நானும் சில இல்லங்களில் விசாரித்தேன். நிரந்தரமாகச் சேர்ப்பதென்றால் பார்க்கலாம், கொஞ்ச நாளுக்கு என்றால் முடியாது என்றுதான் பெரும்பாலும் பதில் வந்தது. எனக்கு ஆறவே இல்லை, மல்லிகா. அந்தத் தாய் மகனைக் கை கழுவ வழி கேட்கவில்லை. தன் உடம்பு தேறும்வரை அவனைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் கேட்டார், அவ்வளவுதான். அது கிடைக்காத குடும்பங்கள்தான் தாக்குப்பிடிக்கும்வரை தாக்குப்பிடித்துவிட்டு, ஒருநாள் மொத்தமாக உடைந்து, பிள்ளையைக் காலத்துக்கும் இல்லத்தில் சேர்க்கும் நிலைக்கு வருகின்றன.

சட்டம் இல்லாமல் இல்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்காகவும் 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன் கீழ் வந்த சமர்த் திட்டத்தில், நெருக்கடியில் இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தங்க இடம் கொடுப்பதும் ஒரு நோக்கம். நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் கொடுக்கிறது. இதெல்லாம் பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த 2,000 ரூபாய் அவனைத் தூக்கி உட்கார வைக்காதே! ஆள் வேண்டும், இடம் வேண்டும், அதுவும் பஸ் ஏறிப் போய் வரக்கூடிய தூரத்தில் வேண்டும்.

கடைசியில் ஒரு சிறப்புப் பள்ளி டீச்சர்தான் வழி காட்டினார். ஊருக்கு வெளியே ஓர் இல்லத்தில் குறுகிய காலத்துக்கும் வைத்துக்கொள்கிறார்கள். எடுத்தவுடன் விட்டுவிட்டு வரச் சொல்லவில்லை. முதலில் அம்மாவும் மகனுமாக ஒரு பகல் பொழுது, அப்புறம் அவன் மட்டும் ஒரு ராத்திரி, அதற்குப் பிறகுதான் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள்.

அவனைப் பற்றி எல்லாவற்றையும் எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். வலிப்பு மாத்திரை காலை 8 மணி, இரவு 8 மணி. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, தவறினால் வலிப்பு வந்துவிடும். மாத்திரையை வாழைப்பழத்துக்குள் வைத்தால்தான் விழுங்குவான். இட்லியைச் சாம்பாரில் நன்றாக ஊறவைத்துப் பிசைய வேண்டும், இல்லாவிட்டால் புரை ஏறும். படுக்க வைத்து ஊட்டவே கூடாது. தலையை இடப்பக்கம் வெட்டினால் ஒன்றுக்கு வருகிறது என்று அர்த்தம். கரண்ட் போனால் பயப்படுவான், கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நோட்டில் நாலு பக்கம் வந்தது. 24 வருஷமாக அவர் ஒருவர் மனதில் மட்டும் இருந்த விவரம் இத்தனையும். அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?

தெருவில் பேச்சு வராமல் இல்லை. "பெத்த பிள்ளையை விட்டுட்டு வந்துட்டா" என்றார்கள். பேசியவர்களில் ஒருவராவது அவனை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டு அவரைத் தூங்க விட்டிருப்பார்களா? பிள்ளைமேல் பாசம் இருக்கிறவருக்குத்தான் ஓய்வு தேவைப்படுகிறது என்பது இவர்களுக்கு ஏன் உறைக்கவில்லை என்று எனக்குக் கோபம் கோபமாக வருகிறது.

அவன் அங்கே ஆறு வாரம் இருந்தான். முதல் சில ராத்திரி தூங்காமல் அழுதிருக்கிறான், கொஞ்சம் இளைத்தும்விட்டான். அப்புறம் அங்கே சமைக்கிற அக்காவோடு ஒட்டிக்கொண்டான். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அம்மா இப்போது தெம்பாக இருக்கிறார். இனி மாதம் ஒரு சனி, ஞாயிறு அவனை அங்கே விடுவது என்று பேசி வைத்திருக்கிறார்கள். எனக்கு இதுதான் பெரிய நிம்மதி. நெருக்கடி வந்தபின் ஓடுவதைவிட, இடமும் ஆட்களும் அவனுக்கு முன்பே பழகியிருப்பது எவ்வளவு நல்லது!

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பராமரிப்பவர்களுக்கு இடையிடையே ஓய்வு கிடைக்க உள்ளாட்சி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இங்கிலாந்தில் 2011-இல் விதியே வந்துவிட்டது. நீ அங்கே கவுன்சிலில் வேலை பார்த்தவள், நடைமுறையில் எப்படி என்று உனக்குத் தெரியும். பணம் குறையும்போது முதலில் வெட்டுவது இதைத்தானா? வீட்டுக்கே ஆள் வந்து பார்த்துக்கொள்வது, வேறு குடும்பம் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது, இல்லத்தில் விடுவது, இதில் எதைப் பெற்றோர் அதிகம் கேட்டார்கள்? விரிவாக எழுது.

இன்னொரு உதவி. பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் எழுதிக் கொடுக்க அங்கே படிவம் ஏதாவது இருந்தால் வாட்ஸப்பில் அனுப்பு. எங்கள் நோட்டில் இருப்பதையும் சேர்த்துத் தமிழில் ஒன்று தயார் செய்து அந்த டீச்சரிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். பொங்கலுக்கு வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், மாடி அறையை ஒழித்து வைக்கிறேன்.

அன்புடன்,
கோமதி