அப்பாவின் எழுத்தைச் சேர்த்துத் தந்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

பறவைகளையும் சதுப்பு நிலங்களையும் பற்றி அப்பா பத்திரிகைகளில் எழுதியவற்றைத் தேடி எடுத்து நூலாக்க, போன வருடம் உங்களிடம் உதவி கேட்டோம். கேட்ட தொகை முழுதும் சேர்ந்தது. நூல் இப்போது அச்சகத்தில் இருக்கிறது.

1983 ஆடியில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், வெள்ளவத்தையில் எங்கள் வீடு எரிந்தபோது அப்பாவின் அலுமாரியும் எரிந்தது. கட்டுரை நறுக்குகளோடு குறிப்புக் கொப்பிகளும் போயின. ஆறுமணிக் குருவி எங்கள் வளவுக்கு வந்த முதல் நாளை வருடா வருடம் அந்தக் கொப்பிகளில்தான் அவர் குறித்து வைத்திருந்தார். வடக்கே இமயமலை அடிவாரம் வரை கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் இங்கே வந்து ஜம்பு மரத்தடிச் சருகைக் கிளறும் குருவி அது. விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும். "மணிக்கூடு வந்திட்டுது" என்பார் அப்பா. கொப்பிகள் போன பிறகு சாகும்வரை அந்தக் குருவியைப் பற்றி அவர் ஒரு வரியும் எழுதவில்லை.

நாங்கள் கேட்டது காசு. நீங்கள் காசோடு நறுக்குகளையும் அனுப்பினீர்கள்! மட்டக்களப்பிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஒரு பிஸ்கட் டின் நிறைய அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பத்திரிகை வந்த திகதியை நீல மையால் எழுதியிருந்தார். அவற்றில் ஐந்து, குருவி வந்த செய்தி சொல்லும் கட்டுரைகள். எரிந்துபோன நாட்களில் ஐந்து அப்படித் திரும்பக் கிடைத்தன. அன்று இரவு அம்மா அந்த டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுத்தார்.

பத்திரிகைத் தாள் மரக்கூழால் ஆனது. தனக்குள்ளேயே அமிலம் ஊறிப் பழுப்பேறும். மடித்த இடத்தில் பொடியும். அதனால் ஒவ்வொன்றையும் விரித்து வைத்து மேலிருந்து படமெடுத்தோம். அமிலமற்ற பெட்டிகளுக்கே கணிசமான செலவு. மங்கிய எழுத்தைக் கணினியால் சரியாக வாசிக்க முடியாமல், எல்லாவற்றையும் கையால் தட்டெழுதித் தந்தவர்கள் பல்கலைக்கழகப் பிள்ளைகள். தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைக் கட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டியவர்களும் அவர்களே. பிள்ளைகளே, உங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது.

மிஞ்சிய பணத்தில் தமிழ்மொழி மூல மாணவர்களை கொழும்புக்கு அருகே உள்ள பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலத்துக்கு அழைத்துப் போகிறோம். 1990இல் அது சரணாலயமாவதற்கு முன்பே அப்பா அங்கே நடந்து திரிந்தவர். 2018இல் கொழும்பு, ஈரநிலங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையான ராம்சரின் அங்கீகாரம் பெற்ற ஈரநில நகரமானதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பிள்ளைகளுக்கான தொலைநோக்கிகளை வாங்கித் தந்தவர், 83இல் எங்களைத் தம் வீட்டில் மறைத்து வைத்துக் காத்த சிங்களக் குடும்பத்தின் பேரன். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அப்பாவை நன்றாகத் தெரியும்.

நூல் கைக்கு வந்ததும் நறுக்குகளை உரியவர்களுக்கே திருப்பி அனுப்புவோம். மட்டக்களப்பு ரீச்சர், உங்கள் டின்னை நானே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மூத்த மகள்
வெள்ளவத்தை, கொழும்பு 06