மாடல் எங்கன்னு கேக்குறதுக்கு முன்னாடி அந்த நோட்டை ஒரு தடவ வாங்கிப் பாருங்க: பள்ளி அறிவியல் கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நடுவர் ஐயா, அம்மா எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில அறிவியல் வாத்தியார். வருஷா வருஷம் ரெண்டு மூணு புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு, ஓ.டி. (ஆன் டியூட்டி) போட்டுட்டு, பஸ்ல அட்டப்பெட்டியோட வந்து நிக்கிற ஆள். உங்கள நான் நிறைய தடவ பாத்திருக்கேன், நீங்க என்னைப் பாத்திருக்க வாய்ப்பில்ல, ஏன்னா எங்க மேஜை எப்பவும் கடைசி வரிசையில தான் இருக்கும். இது புகார் லெட்டர்னு நினைக்காதீங்க. எந்தப் போட்டி, எந்த ஊரு, யாரு நடுவர்னு எதுவும் நான் சொல்லப் போறதில்ல, சொல்லி ஒண்ணும் ஆகப் போறதும் இல்ல. எல்லா ஊர்லயும் நடக்குற ஒரு விஷயத்தைப் பத்தி பேசணும், அவ்ளோதான்.

கதை எங்க சத்துணவுக் கூடத்துல ஆரம்பிச்சுது. சமையல் பண்ற அக்கா தினமும் புலம்புவாங்க, "சார் இந்த போர் தண்ணியில பருப்பு வேகவே மாட்டேங்குது, கேஸ் தான் காலியாவுது"ன்னு. நாங்க எல்லாரும் உம் கொட்டிட்டு சாப்பிட்டுப் போயிடுவோம். ஏழாவது படிக்கிற ஒரு பொண்ணு மட்டும் என்கிட்ட வந்து, "சார் பருப்பு மேல தப்பா, தண்ணி மேல தப்பா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு பதில் தெரியும் (கடின நீர், கால்சியம், மெக்னீசியம்னு புத்தகத்துலயே இருக்கு), ஆனா சொல்லல, நீயே பாத்து சொல்லுன்னு விட்டுட்டேன்.

அது என்ன பண்ணுச்சு தெரியுமா? ஐப்பசி மழையில ஸ்கூல் ஓட்டுலேர்ந்து விழுந்த தண்ணியப் புடிச்சு வெள்ளைத் துணியில வடிகட்டி ஒரு கேன், தெருக்குழாயில வர்ற ஆத்துத் தண்ணி ஒரு கேன், நம்ம போர் தண்ணி ஒரு கேன். ரேஷன் துவரம் பருப்பு ஒரே பாக்கெட்லேர்ந்து தலா நூறு கிராம், ஒரு லிட்டர் தண்ணி, அதே பாத்திரம், அதே அடுப்பு, திருகு எங்க நிக்கணும்னு சாக்பீஸால ஒரு கோடு. இருபது நிமிஷம் கழிச்சு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கரண்டியில பத்து பருப்பு எடுத்து வெரலால நசுக்கிப் பாக்கணும், பத்தும் மசிஞ்சா வெந்துடுச்சுன்னு கணக்கு. மழைத் தண்ணியில 40 நிமிஷம், ஆத்துத் தண்ணியில 45, போர் தண்ணியில 70. அப்புறம் சோப்புக் கரைசல சொட்டு சொட்டா விட்டு, எத்தன சொட்டுல நுரை நிக்குதுன்னு எண்ணுச்சு, மழைத் தண்ணிக்கு 4, போர் தண்ணிக்கு 31. எதுல சோப்பு அதிகமா தின்னுதோ அதுல தான் பருப்பும் அடம் புடிக்குதுன்னு அதுவே கண்டுபுடிச்சு எழுதியிருந்துச்சு. தண்ணியில இருக்குற கால்சியம் பருப்போட செல் சுவர்ல பசை மாதிரி இருக்குற பெக்டினப் புடிச்சு இறுக்கிடும், அதான் மசிய மாட்டேங்குதுங்கற காரணத்தை அப்புறமா தான் நான் சொன்னேன்.

அந்த நோட்டுல எனக்கு ரொம்பப் புடிச்ச வரி வேற: "போர் தண்ணி மூணாவது தடவ மூடி போட மறந்துட்டேன், அதனால அந்த நேரத்தைக் கணக்குல சேக்கல". பதினஞ்சு வருஷ சர்வீஸ்ல ஒரு புள்ள தானா இப்படி எழுதி நான் பாத்ததில்ல. பி.எஸ்சி படிக்கறப்ப ரீடிங் வரலைன்னா பக்கத்து ஆளோடதப் பாத்து எழுதுன ஆள் தான் நான், அத இப்ப ஒத்துக்குறேன்.

கண்காட்சி அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, மூணு டம்ளர், ஒரு பாத்திரம், ஒரு சார்ட், ஒரு நோட்டு, இவ்ளோதான் எங்க மேஜையில. நடுவர் வந்தாங்க. "மாடல் எங்க பாப்பா?" புள்ள பாத்திரத்தைக் காட்டுச்சு. "இதுல ஒர்க்கிங் எதுவும் இல்லையா, சென்சார் மாதிரி?" இல்லைங்க சார்னுச்சு. ஒரு ஒன்றரை நிமிஷம் இருக்கும், கெளம்பிட்டாங்க. நோட்டு மூடுனபடியே இருந்துச்சு. பக்கத்து மேஜையில ஸ்மார்ட் குப்பைத்தொட்டி, கை நீட்டுனா மூடி தொறக்கும், எல்லாரும் கை நீட்டி நீட்டிப் பாத்தாங்க, நானும் பாத்தேன், நல்லா தான் இருந்துச்சு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அந்தப் பையன்கிட்ட இது எப்படிப்பா வேலை செய்யுதுன்னு கேட்டேன், "கடையில ஒரு அண்ணன் செஞ்சு குடுத்தாரு சார், எனக்கு சொல்றதுக்கு மட்டும் எழுதிக் குடுத்திருக்காங்க"ன்னான். மூவாயிரம் ஆச்சுன்னு அவங்கப்பா பெருமையா சொன்னார். பையன் மேல எனக்கு எந்தக் கோவமும் இல்ல, நல்ல பையன், எங்க சோப்பு டெஸ்ட்ட அவன் தான் ரெண்டு தடவ செஞ்சு பாத்தான். ஆனா பரிசு எங்க போகும்னு தெரிஞ்சு தானே அந்தக் கடை ஓடுது? அந்தக் கடைக்கு கஸ்டமர் புடிச்சுக் குடுக்குறது உங்க மார்க் ஷீட்டு தாங்க, தப்பா எடுத்துக்காதீங்க.

விதி என்ன சொல்லுதுன்னு பாருங்க. புள்ளைங்களோட புது ஐடியாக்களுக்கு உதவித்தொகை குடுக்குற மத்திய அரசோட இன்ஸ்பயர் மானக் திட்டத்துல ஐடியா செலக்ட் ஆன புள்ளைக்கு 10,000 ரூபாய் நேரா அதோட பேங்க் அக்கவுன்டுக்கே வருது. புதுமை இருக்கா, சமூகத்துக்குப் பயன்படுமா, சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாம இருக்கா, பயன்படுத்த சுலபமா, இப்ப இருக்குற முறையை விட எந்த விதத்துல மேல, இந்த அஞ்சு தான் அவங்க வச்சிருக்குற அளவுகோல். இதுல எங்கேயாவது எல்இடி லைட்டு, பெயின்ட்டுன்னு இருக்கா? 1993லேர்ந்து நடக்குற தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு இன்னும் ஒரு படி மேல, அதுல முக்கியமே உள்ளூர்ப் பிரச்சனைய எடுத்து, நேர்ல போய் அளந்து, புள்ளைங்க சொந்த மொழியில சொல்றது தான். அதாவது காகிதத்துல எல்லாம் சரியா தான் இருக்கு, மேஜைக்கு வர்றப்ப தான் மாறிடுது.

காசு விஷயத்தையும் சொல்லிடறேன், நடுவர்களுக்கு இதுல வேலை இல்லைன்னாலும் தெரிஞ்சிருக்கட்டும். முன்னாடி ஒரு தடவ எங்க புள்ள ஒண்ணுக்கு இன்னொரு போட்டியில பரிசுப் பணம் வந்துச்சு. ஆதார்ல ஒரு இனிஷியல், பாஸ்புக்ல வேற இனிஷியல், அதைச் சரி பண்ண அவங்கம்மா மூணு நாள் கூலிய விட்டுட்டு அலைஞ்சாங்க. பணம் வந்தப்ப பொண்ணு ஒம்பதாவதுக்கு வேற ஸ்கூலுக்குப் போயிடுச்சு. வந்த காசு மளிகைக் கடை பாக்கிக்குப் போச்சுன்னு அந்தம்மா கூச்சப்பட்டுக்கிட்டே சொன்னாங்க, எனக்கு அதுல ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல. மாடல் செலவு ஏற்கனவே என் கையிலேர்ந்து ஆயிடுச்சு. எங்கள மாதிரி கைட் டீச்சர்கள் பாதிப் பேர் இப்படித்தான் ஓட்டுறோம். புள்ளைங்க தானே கருவி செஞ்சு பாக்குறதுக்கு மத்திய அரசு பள்ளிகளுக்குக் குடுக்குற அடல் டிங்கரிங் லேப் வந்தா 20 லட்சம் கிடைக்கும்னு மீட்டிங்ல சொல்றாங்க, ஆனா அதுக்கு 1,500 சதுர அடி இடம் காட்டணுமாம், எங்க ஸ்கூல்ல மொத்த கட்டடத்தையும் அளந்தா தான் அவ்ளோ வரும். எங்களுக்கு உண்மையில கை குடுத்தது 2022 நவம்பர்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச வானவில் மன்றம், அதுல ஸ்கூலுக்கு வந்து சோதனை செஞ்சு காட்டுற கருத்தாளர் பொண்ணு பலூனும் ஸ்ட்ராவும் வச்சே புள்ளைங்கள கேள்வி கேக்க வச்சுட்டுப் போகுது.

சரி, உங்ககிட்ட கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. நூறு மேஜை, அரை நாள், வெயில், ஒவ்வொருத்தரும் உங்களச் சுத்தி நின்னுக்கிட்டு எங்களது பாருங்கன்னா நீங்க தான் என்ன பண்ணுவீங்க, புரியுது. காலையில மாடல் எதையும் பாக்காம எல்லா நோட்டையும் ஒரு ரூம்ல வாங்கி வச்சுப் பொரட்டிப் பாத்துட்டு அப்புறம் வெளிய வாங்களேன், எங்க நிக்கணும் எங்க நகரணும்னு அதுலயே தெரிஞ்சுடும். மேஜைக்கு வந்தா "இது எப்படி வேலை செய்யுது"ன்னு கேக்காதீங்க, அதுக்கு மனப்பாடம் ரெடியா இருக்கும். "இதுல எது சொதப்புச்சு?"ன்னு கேளுங்க. கடையில வாங்குன மாடல் எதுவுமே சொதப்பி இருக்காது, அதனால பதிலும் இருக்காது. தெரியலைன்னு ஒரு புள்ள சொன்னா மார்க்கக் கொறைக்காதீங்க, எப்படித் தெரிஞ்சுக்குவன்னு அடுத்த கேள்வியப் போடுங்க.

இன்னொண்ணு, திரும்பி வர்றப்ப பஸ்ல அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் பேசவே இல்ல. ஊரு வர்றதுக்கு ஒரு ஸ்டாப்புக்கு முன்னாடி, "சார், புளிய முன்னாடியே ஊத்துனாலும் பருப்பு வேகாதுன்னு எங்க ஆயா சொல்லும், அதுக்கும் கால்சியம் தான் காரணமா?"ன்னுச்சு. இந்த வருஷம் புளித் தண்ணியில டெஸ்ட் ஓடிக்கிட்டு இருக்கு, நோட்டுல பாதி பக்கம் ரொம்பிடுச்சு. கலந்துக்கிட்டதுக்கு எல்லாருக்கும் குடுக்குற அந்த சர்டிஃபிகேட்டோட பின்பக்கம் காலியா தானே இருக்கு, அதுல ஒரே ஒரு வரி, இது நல்லாருக்கு, அடுத்து இதைப் பாருன்னு உங்க கையெழுத்துல எழுதிக் குடுங்க. இங்கிலீஷ்ல எழுதுனாலும் பரவால்ல, நான் படிச்சு சொல்லிக்கிறேன்.

இப்படிக்கு,
கடைசி வரிசை மேஜையிலேர்ந்து ஒரு வாத்தியார்