எங்கள் மணல்மேடு பூத்திருக்கிறது: ஊருக்கு ஒரு நன்றி மடல்

அன்பான குப்பத்து உறவுகளுக்கு,

பங்குனி பிறந்துவிட்டது. இன்று காலை மணல்மேடு முழுக்க அடப்பங்கொடி ஊதாவாகப் பூத்துக் கிடக்கிறது. மதிய வெயிலுக்குப் பூ சுருங்கிவிடும், அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

போன வருடம் இங்கே வெறும் மணல்தான். கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று ஒரு ஒப்பந்தக்காரர் பொக்லைன் விட்டு மேட்டைச் சமப்படுத்திவிட்டுப் போனார். பிடித்துவைக்கக் கொடி இல்லாததால் காற்றடித்தால் மணல் சோற்றுப்பானை வரை வந்தது. வைகாசி வெயிலில் நான் அவசரப்பட்டு நட்டதெல்லாம் கருகிப்போனது.

வழிகாட்டியது வடக்குத் தெரு ஆத்தாதான். "ஐப்பசி மழை விழட்டும்யா" என்று நிறுத்திவைத்தார். மழை விழுந்ததும் முகத்துவாரத்திலிருந்து கொடி அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். "ஈரம் கையில தட்டுற வரைக்கும் தோண்டு, கணு மண்ணுக்குள்ள இருக்கணும்" என்றார். கணுவுக்குக் கணு வேர்விட்டுத்தான் இந்தக் கொடி மணலைக் கட்டுகிறது. இதன் கவட்டிலையைச் சங்கப் புலவர்கள் மானின் அடிக்கு ஒப்பிட்டார்கள். ஆத்தா ஆட்டுக்கால் என்கிறார். எனக்கு இரண்டும் சரி.

ராவணன் மீசை என்கிற முள்புல்லைக் குத்துப்பட்டுக்கொண்டே நட்ட தம்பிகளுக்கு நன்றி. அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காற்றில் உருண்டோடும் முள்பந்து பெண் செடியில்தான் வரும். அதைத் துரத்திப் பிடித்து மேட்டிலேயே கொண்டுவந்து போட்ட பிள்ளைகளே, உங்களுக்கும்தான். ஆடுகளை நான்கு மாதம் கட்டிவைத்துத் தீனி போட்ட அக்காமார்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். படகு இழுக்கிற டிராக்டர் பாதையைத் தெற்கே தள்ளிக்கொண்ட அண்ணன்மார்களுக்கும் அப்படியே.

அப்புறம், ஊர்ப் பஞ்சாயத்தாருக்கு. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் எங்கும் சவுக்கு வைத்தார்கள். அதன் சருகு மெத்தைபோல மூடிக்கொண்டால் மணலுக்குரிய செடிகள் தலைதூக்க முடியாது, ஆமை முட்டையிடவும் இடமிருக்காது. இந்த மேட்டில் சவுக்கு வேண்டாம் என்று நான் சொன்னபோது பொறுமையாகக் கேட்டு ஒப்புக்கொண்டீர்கள். இப்போது பாருங்கள், யாரும் நடாமலே கொழிஞ்சியும் நெருஞ்சியும் வந்திருக்கின்றன. அடப்பங்கொடி நிழலில் விஷ்ணுகிராந்தி, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக, நல்ல நீலத்தில். குனிந்தால்தான் தெரியும். போன வாரம் விடியலில் கொடிகளுக்குக் கீழே, கடல் பக்கம், பங்குனி ஆமை ஏறி இறங்கிய தடம் இருந்தது. அதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடப்பங்கொடியில் காய் முற்றியதும் விதை எடுத்து வைக்கிறேன். தோலைக் கல்லில் உரசி ஊறப்போட வேண்டும். ஆத்தா, முதல் கைப்பிடி உங்களுக்கு.

நன்றியுடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை