பயண நேரத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விமானச் சேவைகள் பற்றி நாளிதழ்களில் வரும் செய்திகளிலும் விளம்பரங்களிலும் புறப்படும் நேரமும் சென்றடையும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி தரப்படுகின்றன. விமானத்தில் எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. சிங்கப்பூரிலிருந்து சென்னை செல்வோருக்கு இதனால் சிரமமில்லை. இரவு எட்டு மணிக்குச் சாங்கி விமான நிலையத்தில் புறப்பட்டு ஒன்பதரைக்கு அங்கே இறங்கினாலும், பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம், நேர வேறுபாடு இரண்டரை மணி என்பது நம்மவர்களுக்குப் பழகிய கணக்கு. ஆனால், நியூயார்க்கில் வாழும் பிள்ளைகளைப் பார்க்க முதன்முறையாகப் புறப்படும் பெற்றோருக்கு இந்தப் பழக்கம் கைகொடுக்காது. குளிர்காலத்தில் நள்ளிரவுக்கு இங்கிருந்து கிளம்பும் நேரடி விமானம் காலை ஆறு மணிக்குள் அங்கே இறங்குவதாக அட்டவணை காட்டும். உண்மையில் அது 18½ மணி நேரத்திற்கும் மேற்பட்ட பயணம். வேளை தவறாமல் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதற்கு இந்த மணிக்கணக்குதான் தேவை.

தொலைவை மட்டும் குறிப்பிட்டாலும் போதாது. நியூயார்க்கின் தீர்க்கரேகை மேற்கு 74 பாகை, நம்முடையது கிழக்கு 104 பாகை. இரண்டையும் கூட்டினால் 178. அதாவது, இரு நகரங்களும் உலக உருண்டையின் ஏறக்குறைய எதிரெதிர்ப் பக்கங்களில் இருப்பதால், அவற்றுக்கிடையே உள்ள மிகக் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டியே செல்கிறது. சுவரில் தொங்கும் தட்டையான வரைபடத்தைப் பார்த்து இதை யாரும் ஊகிக்க முடியாது. மாணவர்களிடம் ஓர் உலக உருண்டையும் ஒரு நூலும் கொடுத்தால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பாதையின் நீளம் சுமார் 15,350 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் என வகுத்தால் 17 மணி நேரம்தான் வரும். ஆனால், விமானங்கள் எப்போதும் அந்தக் குறுகிய கோட்டிலேயே பறப்பதில்லை. மேலடுக்கில் மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டத்தின் துணை கிடைக்குமானால், நீண்ட பாதையிலும் எரிபொருளையும் நேரத்தையும் மிச்சப்படுத்தலாம் என்பதால், பசிபிக் பெருங்கடல் வழியாகச் சுற்றிச் செல்வதும் உண்டு. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும் நேரமும் அட்டவணைக் கணக்கில் அடங்கும்.

இதே காற்றின் காரணமாகப் போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. லண்டனுக்குச் செல்ல ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகிறது என்றால், திரும்பிவர 13 மணி நேரம் போதும். எனவே இரண்டையும் தனித்தனியே குறிப்பிடுவதே முறை.

தங்கள் நாளிதழ் பயணச் செய்திகளில் தொலைவு, இரு திசைகளின் பயண நேரம், நகரங்களுக்கிடையிலான நேர வேறுபாடு ஆகிய மூன்றையும் ஒரே வரியில் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன். விளம்பரதாரர்களிடமும் இதை வலியுறுத்தலாம். நியூயார்க்கைப் பொறுத்தவரை இன்னொரு குறிப்பும் தேவை. அங்கே மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி வைக்கிறார்கள். அதனால் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13 மணி. எந்தப் பருவத்திற்கான அட்டவணை என்பதையும் தயவுசெய்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், ஈசூன்