பொன்னாடை வேண்டாம், கிளினிக்குக்குக் கூட வாருங்கள்

எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவி, செயலாளர், பொருளாளர், அங்கத்தவர்கள் எல்லாருக்கும்,

ஒக்டோபரில் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கப்போவதாகவும், அதில் எனக்குப் பொன்னாடை போர்த்துவதாகவும் செயலாளர் அக்கா வந்து சொன்னா. உங்கள் அன்புக்கு நன்றி. பொன்னாடை மட்டும் வேண்டாம். வீட்டுக்குள்ளே சொல்லி முடிக்கக்கூடிய விசயம்தான். ஆனாலும் பழுகாமத்திலும் களுவாஞ்சிகுடியிலும் திருக்கோவிலிலும் இதே மாதிரிச் சங்கங்கள், இதே மாதிரிக் கூட்டங்கள் இருப்பதால் எல்லாரும் வாசிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

‘புற்றுநோயை வென்ற வீரப்பெண்’ என்று பனர் அடிக்கப்போகிறீர்களாம். நான் என்னத்தை வென்றேன்? கட்டி சிறிதாக இருக்கும்போதே கண்டுபிடித்தார்கள், மருந்தும் கேட்டது. என்னோடு பக்கத்துக் கட்டிலில் கிடந்து, என்னைவிடத் தைரியமாகச் சிரித்துக் கதைத்துவிட்டுப் போய்ச்சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். எனக்குப் பொன்னாடை என்றால் அவர்கள் தோற்றவர்களா? அந்தப் பிள்ளைகளின் தாய்மாரும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள், மறக்கவேண்டாம்.

வருத்தம் பார்க்க வந்தவர்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேணும். ஏழெட்டுப் பேர் ஒன்றாக வந்து, பிஸ்கட் பெட்டியையும் தோடம்பழத்தையும் வைத்துவிட்டு, ‘என்னகா மனே, உனக்குப் போய் இப்படி’ என்று அழத் தொடங்குவார்கள். பிறகு அவர்களை நான் தேற்றவேண்டும். இன்னும் சிலர் இதே நோயில் செத்தவர்களின் கதையை ஆதியிலிருந்து சொல்வார்கள். ஒருவர் கீமோவை விட்டுவிட்டுக் கசாயம் குடிக்கச் சொன்னார். அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன், வேறென்ன செய்ய.

என்னைத் தூக்கி நிறுத்தியது வேறு ஆட்கள். பெரும்பாலும் ஒன்றும் பேசாத ஆட்கள். ஒப்பரேசனில் மார்போடு அக்குளில் நெறிக்கட்டுகளையும் எடுத்தபடியால் அந்தக் கையால் பாரம் தூக்கவேண்டாம், வீங்கும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கிணற்றில் அள்ளுவது யார், தேங்காய் துருவுவது யார்? பக்கத்து வளவு மாமி விடியக் காலமை வந்து ரெண்டு வாளி நிறைத்துவைத்து, பாதித் தேங்காயைத் துருவி மூடிவைத்துவிட்டுப் போவா. சுகமா என்றுகூடக் கேட்கமாட்டா. தோள் இறுகாமல் இருக்கச் சுவரில் விரல்களால் ஏறி ஏறிப் பழகவேண்டும். தங்கச்சியின் மகள் ஒவ்வொரு நாளும் என் விரல் எட்டிய இடத்தில் கரியால் கோடு கீறினாள். போன கிழமைக் கோட்டைத் தாண்டினால் அவளுக்கு ஒரு டொபி, இதுதான் எங்கள் ஒப்பந்தம். சுவர் இன்னும் வெள்ளையடிக்காமல் கிடக்கிறது.

கீமோவில் முடி கொட்டிய பிறகு கண்ணகியம்மன் சடங்குக்குப் போகக் கூசியது. மச்சாள் தானும் சீலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு வந்தா. கூட்டத்துக்குள் போகாமல் ரெண்டு பேரும் தள்ளி நின்று கும்பிட்டோம். உங்கள் சங்கத்தில் தையல் படிப்பிக்கிற பிள்ளை என் பழைய சட்டைகளைக் கேட்டு வாங்கிப் போய், எடுத்த பக்கத்துக்குப் பஞ்சு வைத்து அளவாகத் தைத்துக் கொடுத்தாள். அவளுக்குப் போர்த்துங்கள் பொன்னாடையை.

என்னை அதிகம் சுட்டது ‘பரம்பரை வருத்தமாம், மகளைக் கலியாணம் செய்துகொடுப்பது கஷ்டம்’ என்று வேலிக்கு அங்கால் கேட்ட பேச்சு. நூறு பேருக்கு இந்த நோய் வந்தால் ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் அது பரம்பரை மரபணுவால் வருகிறது. அந்தக் குடும்பங்களுக்கும் வேண்டியது டொக்டரின் ஆலோசனை, ஊர்க்கதை இல்லை. ஆம்பிளைகளுக்கும் அரிதாக இது வரும். இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நோகாத கட்டியை மாதக்கணக்காகச் சட்டைக்குள் ஒளிக்கிறார்கள். நோகவில்லையே என்று விடுகிறதும் உண்டு. ஆரம்பத்தில் பெரும்பாலும் நோகாது.

ஆகையால் பனருக்கும் மண்டபத்துக்கும் ஒதுக்கிய காசை வேறு வழியில் செலவழிக்கலாம் என்பது என் எண்ணம். வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரையில் இருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போவது லேசில்லை. விடிய முன் எழும்பி, பாதை என்கிற மிதவையில் வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, பஸ் பிடித்துப் போய், மருந்து ஏற்றி முடிந்து சத்தியெடுத்துக்கொண்டு அதே வழியால் திரும்பவேண்டும். கூட வருகிற ஆளுக்கு அன்றைய கூலி போய்விடும். சங்கத்தில் முறை வைத்து ஒருவர் கூடப் போகட்டும், அவருடைய பஸ் காசும் சாப்பாடும் சங்கக் கணக்கில் இருக்கட்டும். வரும்போது ஓட்டோ பிடிக்கவும் கொஞ்சம் கொடுங்கள். கூடப் போகிறவர்களுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்: கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் 100.4 பாகைக்கு வந்தால் பனடோலைப் போட்டுவிட்டுப் படுக்கவைக்கக்கூடாது, இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். கிருமியோடு போராடுகிற வெள்ளணு கீமோவால் குறைந்த நேரத்தில் தொற்று உயிருக்கு ஆபத்து.

கூட்டம் வைக்கத்தான் வேண்டுமென்றால் பேச்சாளர் வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கிற வெல் விமன் கிளினிக்குக்கு 35 வயதான, 45 வயதான எல்லாரையும் ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். மார்பைக் கையால் சோதிப்பார்கள், கருப்பைக் கழுத்துக்கும் சோதனை செய்வார்கள், பிரசரும் சீனியும் பார்ப்பார்கள், காசில்லை. தனியாகப் போக வெட்கப்படுகிறவர்கள் பத்துப் பேரோடு வருவார்கள். மிட்வைஃப் மிஸ்ஸியிடம் திகதி கேட்கலாம், எங்கள் வீடுகளை அவவுக்குத்தான் தெரியும்.

எனக்கு இனி வருசக்கணக்காக, நோய் திரும்பாமல் இருக்கக் குடிக்கிற தமொக்சிஃபன் குளிசை இருக்கிறது. சில ராத்திரி உடம்பு நெருப்பாய்க் கொதிக்கும், எழும்பி முற்றத்தில் இருப்பேன். மற்றும்படி சுகம். முறைப் பட்டியலில் முதல் பெயராக என்னைப் போடுங்கள். ஊரில் இப்போது இரண்டு பேர் மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் யாரென்று நான் சொல்லமாட்டேன். கூட வரலாமா என்று முதலில் அவர்களையே கேட்கிறேன். சம்மதித்தால் அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் செயலாளர் அக்காவிடம் வந்து கிளினிக் நாட்களைத் தருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் பழைய அங்கத்தவர் ஒருத்தி