சொன்னதை எடுத்துச் சொல்லக் கற்பிக்கும் முறை மாற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் யாழ்ப்பாணத்து ரியூசன் நிலையங்களில் கைமாறும் ஆங்கிலப் பயிற்சித் தாள்களில், நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பகுதி தவறாமல் இடம்பெறுகிறது. மேற்கோள் குறிகளை நீக்கி, நிகழ்காலத்தை இறந்தகாலமாக்கி, 'நவ்' என்பதை 'தென்' என்றும் 'ருமோறோ' என்பதை 'த நெக்ஸ்ற் டே' என்றும் மாற்றிவிட்டால் புள்ளி கிடைக்கும். நீண்டகாலம் ஆங்கிலம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இவ்வாறு எதை எதாக மாற்றுவது என்ற அட்டவணையை மனனம் செய்வதால் ஒருவர் சொன்னதை இன்னொருவருக்கு ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லும் ஆற்றல் பிள்ளைகளுக்கு வந்துவிடாது என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக ஆசிரியர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

காலையில் ஒருவர் 'நாளை வருகிறேன்' என்று சொல்லிச் செல்கிறார். அதை அன்று மாலையே வீட்டாருக்குத் தெரிவிக்கும்போது ஆங்கிலத்திலும் 'ருமோறோ' என்றுதான் சொல்ல வேண்டும். ஏனெனில் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் அந்த நாள் இன்னும் நாளையாகவே இருக்கிறது. ஒரு கிழமை கழித்துச் சொல்லும்போதுதான் 'த நெக்ஸ்ற் டே' தேவைப்படுகிறது. கால மாற்றமும் இத்தகையதே. கீரிமலைக் கேணி கடலோரத்தில் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னதை எழுதும் மாணவர், கேணி இன்றும் அங்கேயே இருப்பதால், 'செட்' (சொன்னார்) என்ற வினைக்குப் பின் 'இஸ்' என்று எழுதினாலும் 'வோஸ்' என்று எழுதினாலும் சரியே. ஆனால் அண்மையில் என் பார்வைக்கு வந்த ஒரு விடைத்தாளில், இதைப் போன்ற வாக்கியத்தில் 'இஸ்' என்று எழுதிய பிள்ளைக்குச் சிவப்பு மையால் பிழை போடப்பட்டிருந்தது. சரியாகச் சிந்தித்த பிள்ளை தன் சிந்தனையையே சந்தேகிக்கும்படி செய்வது மிகவும் வருத்தத்திற்குரியது.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வரும் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வருவதில்லை. 'சாப்பிட்டியோ எண்டு கேள்' என்று அம்மம்மா சொல்ல, அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லும் பொறுப்பு இங்குள்ள பேரப்பிள்ளையிடம் வருகிறது. அப்போது வேண்டியது 'அம்மம்மா இஸ் ஆஸ்கிங் இஃப் யூ ஹாவ் ஈற்றன்' என்ற எளிய வாக்கியந்தான். அதில் காலம் பின்னோக்கிச் செல்வதே இல்லை. ஆயினும் அட்டவணையை மட்டும் படித்த பிள்ளை, எதை எதாக மாற்றுவது என்று தேடிக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிறது.

தமிழ்ப் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பதை அறிய அவர்களுடைய தாய்மொழியைக் கவனித்தாலே போதும். தமிழில் பிறர் கூற்றின் ஒழுங்கைக் குலைக்காமல் அப்படியே வைத்து, பின்னால் 'என்று' சேர்த்துவிடலாம். 'நீர் எங்கே இருக்கிறீர் என்று கேட்டார்' என்பதில் கேள்வி கேள்வியாகவே நிற்கிறது. இந்தப் பழக்கத்தில்தான் பிள்ளை 'ஹீ ஆஸ்க்ட் மீ வெயர் டிட் ஐ லிவ்' என்று எழுதுகிறது. ஆங்கிலத்தில் கேள்வி அயற்கூற்றானதும் அதன் கேள்வி அமைப்பு கலைந்து சாதாரண வாக்கிய ஒழுங்குக்கு வந்துவிடும்: 'வெயர் ஐ லிவ்ட்'. ஆம், இல்லை என்று விடை வரும் கேள்விகளில் 'என்று' இருக்கும் இடத்தில் 'தட்' என்பதைப் போட்டுவிடும் பிழையும் இதே வேரிலிருந்து வருவதுதான். அங்கே 'இஃப்' அல்லது 'வெதர்' வர வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் மேலாக வகுப்பறையில் இடம்பெற வேண்டியது, கூற்றை அறிமுகப்படுத்தும் வினைகளும் ஒவ்வொரு வினைக்குப் பின்னாலும் வரும் அமைப்புகளுமே. 'ரெல்' என்ற வினை, கேட்பவர் யார் என்பதைத் தன்னை அடுத்தே வைத்துக்கொள்ளும். 'சே' அப்படி வைத்துக்கொள்ளாது. ஆகவே 'ஷீ ரோல்ட் மீ' சரி, 'ஷீ செட் மீ' பிழை. 'அட்வைஸ்ட் மீ ரு கோ' என்று எழுதலாம், 'சஜெஸ்ரட் மீ ரு கோ' என்று எழுத முடியாது. 'சஜெஸ்ரட் தட் ஐ கோ' என்பது போல எழுத வேண்டும்.

'டினை' என்ற வினையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. 'தான் பணத்தை எடுக்கவில்லை என்று மறுத்தார்' என்பது எமக்கு இயல்பான தமிழ். மறுப்பு இரண்டு இடத்திலும் இருந்தாலும் பொருள் குழம்புவதில்லை. ஆங்கிலத்தில் அந்த வினையே மறுப்பைச் சுமப்பதால், அதன் பின்னால் 'நொட்' வந்துவிட்டால் எடுக்கவில்லை என்பதையே அவர் மறுத்தார், அதாவது எடுத்தார் என்ற பொருள் பிறந்துவிடும். 'ஹீ டினைட் ரேக்கிங் த மணி' என்பதே சரியான வடிவம். நாளை ஒரு சட்டத்தரணியாகவோ செய்தியாளராகவோ பணியாற்றப் போகும் பிள்ளை இந்த இடத்தில் தவறினால், குற்றமற்ற ஒருவரின் வாக்குமூலம் எதிர்ப்பொருளில் பதிவாகிவிடும்.

அதேபோல 'கிளெயிம்ட்' என்று எழுதும்போது சொன்னவரை நாம் முழுமையாக நம்பவில்லை என்ற குறிப்பும், 'அட்மிற்றட்' என்று எழுதும்போது அவர் ஏற்க விரும்பாத ஒன்றை ஏற்றுக்கொண்டார் என்ற குறிப்பும் கலந்துவிடுகின்றன. நடுநிலையாக எழுத விரும்புபவருக்கு 'செட்' போதும். தமிழில் 'வந்தாராம்' என்று ஒரே விகுதியால் கேள்விப்பட்ட செய்தி என்று காட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அதற்கு 'ஹீ இஸ் செட் ரு ஹாவ் கம்' போன்ற அமைப்பு வேண்டும். இந்த அமைப்பை நான் பார்த்த எந்தப் பயிற்சித் தாளிலும் காணவில்லை.

வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியில் தமிழும் ஆங்கிலமும் அருகருகே கற்பிக்கப்பட்டன. இரு மொழிகளையும் ஒப்பிட்டுக் கற்பிப்பது இந்த மண்ணுக்குப் புதியதன்று. ஆங்கில வகுப்பில் தமிழ் உதாரணம் சொல்வதைக் குறைவாக எண்ணும் மனப்பான்மையை ஆசிரியர்கள் விட்டுவிட வேண்டும்.

வலயக் கல்விப் பணிமனைகளின் ஆங்கிலப் பாட ஆசிரிய ஆலோசகர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: தனித்தனி வாக்கியங்களுக்குப் பதிலாகச் சிறு உரையாடல் ஒன்றைக் கொடுத்து, அதை யார், யாருக்கு, எப்போது எடுத்துச் சொல்கிறார் என்பதையும் குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள், பொருள் பிசகாத ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளுக்கும் புள்ளி வழங்குங்கள். தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்தில் மாதிரி வினாத்தாள்கள் வெளியாகும்போது, விடைகளோடு அவற்றுக்கான காரணத்தையும் ஓரிரு வரிகளில் சேர்த்து வெளியிடுமாறு தங்களையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கோண்டாவில்.